தலைத் தீபாவளி
(பிள்ளைப்பாக்கத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 நான் கற்றறிந்த பேச்சாளன் அல்லன். செய்யாற்றுக்கு அருகேயுள்ள ஒரு சிற்றூரில் பயிர்த்தொழில் செய்து காலங்கழிப்பவன். ஆயினும், 'இளந்தம்பதிகளும் பண்டிகை நாட்களும்' என்ற பொருள்பற்றி நீயே பேசுதல் வேண்டும் எனக் காரியதரிசியவர்கள் வற்புறுத்தியதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் யாதென்பது என் பேச்சின் இடையே உங்களுக்கே விளங்கும்.

முதற்கண், நாம் கூடியிருக்கும் இவ்வூரைச் சிறிது நோக்குவோம். பாக்கம் என முடியும் ஊர்கள் தொண்டை மண்டலத்திற் பல. அவை பெரும்பாலும் ஏரியையும் வயலையும் நம்பி வாழ்ந்தவை. பிள்ளைப்பாக்கமும் அத்தகையதே. இவ்வூர் ஏரி நிரம்பி வழியும் நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்று சேர்வதை நீங்கள் அறிவீர்கள். அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், இராமாநுசர் அவதரித்த தலம் என்ற பெருமையால் நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது. சித்திரைத் திருவாதிரை உற்சவத்திற்கு வருவோரும் உழுது பிழைப்போருமே அக்காலத்தில் இந்தச் சாலைகளில் நடந்தனர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ஆம் ஆண்டு ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பிள்ளைப்பாக்கத்திலும் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்தது. இன்று இவ்வூர்த் தெருக்களில் வாடகை அறை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், திருநெல்வேலி முதலாய ஜில்லாக்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலிய தூர தேசங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அவ்வறைகளில் வாழ்கிறார்கள். அவர்களிற் பலர் தனியாக வந்து, இங்கேயே வேலை நிலைத்து, மணம் முடித்து, மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து குடித்தனம் வைத்தவர்கள். நம் சமூகத்துப் பிள்ளைகளும் அவ்வாறே இங்குக் குடியேறியிருக்கிறார்கள். அவர்களைக் குறித்தே என் பேச்சு.

'தலை' என்னும் சொல் முதல் என்னும் பொருள்படும். தலைப்பிள்ளை, தலைப்பிரசவம் என்பனபோலவே தலை ஆடி, தலைத் தீபாவளி, தலைப்பொங்கல் என வழங்குகிறோம். மணமான முதல் ஆண்டில் வரும் ஒவ்வொரு நாளையும் நம் முன்னோர் இவ்வாறு பெயரிட்டுப் போற்றியது வீணுக்கன்று. அக்காலத்தில் மணமகள் பெரும்பாலும் முன்பின் அறியாத ஒரு வீட்டிற் சென்று புகுந்தாள். தாயைக் காண வேண்டுமானால் அதற்கொரு காரணம் வேண்டும். அக்காரணத்தைப் பண்டிகைகள் கொடுத்தன. தீபாவளிக்கு முன்னரே பெண்ணின் பெற்றோர் தாம்பூலமும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டிற்குச் சென்று அழைப்பார்கள். முதல்நாள் மாலையே மகளும் மருமகனும் வந்து சேர்வார்கள். விடியுமுன் வீட்டில் மூத்தவர் இருவரையும் மனையில் அமர்த்தி, தலையில் நல்லெண்ணெய் வைப்பார். நீராடியபின் புத்தாடை, அதன்பின் லேகியம், அதன்பின் பலகாரம், மைத்துனர்கள் புடைசூழப் பட்டாசு, நண்பகலில் விருந்து. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் சிறிது வேறுபடினும் முறை இதுவே.

இதன் உட்கருத்து யாது? நேற்றுவரை அயலானாயிருந்த ஓர் இளைஞன் இன்று இவ்வீட்டுப் பிள்ளையாகின்றான் என்பதே. மாமியார் தன் கையால் எண்ணெய் தேய்க்க, அவன் தலை குனிந்து அமர்ந்திருக்கும் அந்த ஒரு நாழிகையில் அவனுக்கும் அவ்வீட்டிற்கும் உள்ள கூச்சம் நீங்கிவிடுகின்றது. மகளோ, தான் பிறந்த வீட்டின் கதவு தனக்கு அடைபடவில்லை என்று மனந்தேறுகின்றாள். ஆகவே இது கூடிக் களிக்கும் நாள். மற்றவையெல்லாம் அக்கூட்டத்திற்கு வந்து சேர்ந்த அணிகலன்கள்.

நிற்க. அந்நாளில் இம்முறை எளிதாக நடந்ததற்குச் சில வசதிகள் இருந்தன. சம்பந்தி வீடு பெரும்பாலும் வண்டி கட்டிக்கொண்டு ஒரு பகலிற் சென்று சேரும் தூரத்தில் இருந்தது. உழவனுக்கு நாட்களைப் பங்கிட்டுக் கொடுப்பவன் கதிரவனேயன்றி மேலதிகாரி அல்லன். பொங்கல் அறுவடையை ஒட்டி வந்தது. நான்கு நாள் முன்னே செல்வதும் இரண்டு நாள் பின்னே திரும்புவதும் யாருக்கும் தடையாக இல்லை. இந்நாளிலோ அவ்வசதிகள் போய்விட்டன. நாம் மாத்திரம் அவை இருப்பனபோலவே நடந்துகொள்கிறோம்.

தொழிற்சாலையிற் பணி செய்வோர்க்கு விடுமுறை எத்தனை நாள் என்பதைப் பெரியோர்களிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. நம் மாநிலத்தில் இதற்கென 1958-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாட்களும், பண்டிகைகளுக்கென 5 நாட்களும் சம்பளத்துடன் விடுமுறையாகும். அந்த ஐந்தையும் பகிர்ந்து பாருங்கள்! பொங்கலுக்கு ஒன்று; மாட்டுப் பொங்கலுக்கு ஒன்று; சித்திரைப் பிறப்பிற்கு ஒன்று; இயந்திரத்தைத் தெய்வமாய்ப் போற்றும் ஆயுத பூஜைக்கு ஒன்று; தீபாவளிக்கு ஒன்று. ஐந்தும் தீர்ந்தன. விடுமுறை நாளிலும் வேலைக்கு வரவேண்டியிருந்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்துடன் பிறிதொரு நாள் ஓய்வு என்று அச்சட்டம் வகுத்திருக்கிறது. ஆயினும் தீபாவளி ஒரே நாள். அதற்கு முன்னாள் மாலை ஷிப்டு உண்டு. மறுநாள் காலை ஷிப்டும் உண்டு. 2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமையன்று வந்தபோது, மறுநாளும் விடுமுறை அளித்து, அதற்கு ஈடாக நவம்பர் 9, சனிக்கிழமையைப் பணிநாளாக்கி அரசாங்கத்தார் உத்தரவிட்டனர். அந்த நன்மை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியதாயிற்று. இயந்திரத்தின்முன் நிற்பவர்களுக்கு அது தானாகவே வந்துவிடுவதில்லை.

இதனோடு மற்றொரு மாறுதலும் சேர்ந்தது. முன்னாளில் கணவன் ஒருவனுக்கே வேலை. இன்று மனைவியும் வேலைக்குச் செல்கிறாள். கணவனுக்கு முதல் ஷிப்டு, மனைவிக்கு இரண்டாம் ஷிப்டு என்றால், ஒரே அறையில் வாழும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதே அரிதாகின்ற வாரங்கள் உண்டு. இருவருக்கும் ஒரே நாளில் விடுப்புக் கிடைத்தல் என்பது இரண்டு கடிகாரங்கள் ஒருங்கே மணி அடிப்பதைப் போன்றது.

இனி, காரியதரிசியவர்கள் என்னை ஏன் பேசச் சொன்னார் என்பதைக் கூறுகிறேன். இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயினும் என் பிழை பிறருக்குப் பாடமாகுமாயின் வெட்கப்படாமற் சொல்லுதல் கடமை.

சில ஆண்டுகட்கு முன் ஆவணி மாதத்தில் என் மகளுக்கு விவாகம் செய்வித்தேன். மாப்பிள்ளை இவ்வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணி செய்பவர். என் மகளும் மணத்திற்குப்பின் இங்கே ஒரு வேலையில் அமர்ந்தாள். ஐப்பசியில் தலைத் தீபாவளி வந்தது. எங்கள் ஊரில் என் தம்பி தன் மருமகனுக்கு ஒரு சவரனில் மோதிரம் போட்டிருந்தார். நான் அவருக்கு மூத்தவன், எவ்வாறு குறைப்பது? என் மனைவியின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தேன். மோதிரம் வாங்கினேன். பட்டுப்புடவை, வேட்டி, வெள்ளிக் குத்துவிளக்கு, ஐந்து கூடைப் பலகாரம் எல்லாம் ஆயத்தமாயின. உற்றார் உறவினர் நாற்பது பேரை அழைத்தேன்.

முதல்நாள் மாலை மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா, அவருக்கு இன்றைக்கு விடுப்புக் கொடுக்கவில்லை. வேலை முடியவே இரவு பதினொன்றாகும். மழையும் பெய்கிறது. நாங்கள் விடிந்ததும் புறப்பட்டு வருகிறோம். எண்ணெய்க் குளியலை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் ஏறியபின் எண்ணெய் வைப்பதற்கா தலைத் தீபாவளி? எழுபது கிலோமீட்டர்தானே! இரவே புறப்பட்டு வாருங்கள். வராவிட்டால் என் முகத்தில் விழிக்க வேண்டாம்" என்றேன். அவள் மறுமொழி ஏதும் சொல்லவில்லை.

பத்து மணி நேரம் நின்று உழைத்த உடம்போடு அந்தப் பிள்ளை நள்ளிரவுக்குமேல் மோட்டார் சைக்கிளை எடுத்தார். காஞ்சிபுரம் கடந்து, பாலாற்றுப் பாலத்தையும் தாண்டிச் சிறிது தூரத்தில், மழைநீர் நின்ற பள்ளத்தில் வண்டி சறுக்கி இருவரும் விழுந்தனர். தெய்வாதீனமாக உயிருக்கு ஆபத்தில்லை. மகளுக்கு வலக்கை எலும்பு முறிந்தது. அவருக்கு முகத்திலும் முழங்காலிலும் காயம். ஊரெல்லாம் பட்டாசு வெடித்த அந்த விடியலில் நான் ஆஸ்பத்திரி வாயிலில் நின்றேன். மாப்பிள்ளை படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா, நேரத்துக்கு வர முடியவில்லை" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது. மோதிரமோ அவர் விரலுக்குச் செல்லவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்காக, சங்கிலி இருந்த அதே அடகுக் கடைக்குச் சென்றது. நாற்பது பேர் வாயிலிருந்து தப்புவதற்காக நான் செய்த ஏற்பாடு இரண்டு பேர் உயிரைப் பணயமாக வைத்தது.

தை பிறந்தது. தலைப்பொங்கல் வந்தது. மகள் கை இன்னும் முற்றும் ஆறவில்லை. இம்முறை என் மனைவி என்னிடம் கலந்தும் பேசவில்லை. "அவர்கள் வர வேண்டாம், நாம் போவோம்" என்றாள். ஒரு புதுப்பானை, எங்கள் வயலிற் குத்திய பச்சரிசி, வெல்லம், இரண்டு மஞ்சட்கொத்து, ஒரு கட்டுக் கரும்பு—இவ்வளவே சீர். பஸ்ஸில் ஏறி இந்தப் பிள்ளைப்பாக்கத்திற்கே வந்தோம். மாப்பிள்ளையின் தாய் தந்தையரையும் வரச் சொல்லியிருந்தோம். ஒரே அறையும் ஒரு சமையற்கட்டும் கொண்ட வீடு. மொட்டை மாடியில் மூன்று செங்கல் வைத்து, வீட்டுக்காரர் அனுமதியோடு பொங்கல் இட்டோம். பக்கத்து அறையில் குடியிருந்த தென்பாண்டி நாட்டுத் தம்பதியர் ஊருக்குச் செல்ல இடம் கிடைக்காமல் தங்கிவிட்டவர்கள்; அவர்களும் வந்து குலவையிட்டார்கள். அடுத்த அறைப் பீகார்ப் பிள்ளைகள் நால்வர், சொல் விளங்காவிடினும், பானை பொங்கியபோது எங்களைப்போலவே கூவினார்கள். சம்பந்தியும் நானும் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கரும்பைப் பிளந்து தின்றோம். கல்யாணப் பந்தலில்கூட நாங்கள் அவ்வளவு நேரம் மனம்விட்டுப் பேசியதில்லை. இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்படும் நேரம்வரை பிள்ளை எங்களோடு இருந்தார். என் ஆயுளில் நான் கொண்டாடிய பண்டிகைகளில் அதுவே தலையாயது.

சகோதர சகோதரிகளே! இக்கதையைச் சொல்லி உங்கள் கண்ணீரை வரவழைப்பது என் நோக்கமன்று. இதிலிருந்து நான் கற்றது யாதெனின்: பண்டிகையின் உயிர் கூடுவதில் இருக்கின்றது, குறித்த வேளையிலும் இல்லை, கொடுக்கும் சீரிலும் இல்லை. வேளையையும் சீரையும் காப்பதற்காகக் கூடுபவர்களையே துன்புறுத்துவோமாயின், உயிரை விட்டு உடலைப் போற்றினவர் ஆவோம்.

சீரைப்பற்றிச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். பெண்ணுக்குச் செய்யும் சீர் முதலில் அன்பின் அடையாளமாகத்தான் தோன்றியிருக்க வேண்டும். மேலும், குடும்பச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கில்லாத காலத்தில், ஆடிக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செய்யும் வரிசை, அவளுக்குச் சேரவேண்டியதில் ஒரு சிறு பகுதியாகவும் கருதப்பட்டது. ஆனால் சட்டம் இன்று மாறிவிட்டது. நம் மாநிலத்தில் 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி முதல், அதற்குமுன் மணமாகாத பெண்களுக்கு, பிறப்பினாலேயே மகனுக்குச் சமமான பங்குரிமை இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அளிக்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9 முதல் நாடெங்கும் பெண்மக்களுக்கு அவ்வுரிமை வந்தது. இவ்வாறிருக்க, உரிமையான பங்கைக் கேட்டால் முகஞ்சுளித்துவிட்டு, பங்குக்குப் பதிலாகப் பலகாரக் கூடையை அடுக்கி, "சீர் குறைவின்றிச் செய்தோம்" என்று பெருமை பேசுவது நியாயமாகுமா?

மற்றொன்று. 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம், திருமணத்தை முன்னிட்டு அதற்கு முன்னோ பின்னோ பொருளைக் கேட்டு வாங்குவதைக் குற்றமாக்கியது. நம்மவர்கள் சட்டத்துக்கு அஞ்சி வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் கேளாமலே கேட்கும் வித்தை ஒன்றைக் கற்றுவைத்திருக்கிறோம். "மூத்த மருமகள் வீட்டில் தலைத் தீபாவளிக்கு இன்னது செய்தார்கள்" என்று மாமியார் பொதுவாகச் சொல்வார். "உங்கள் விருப்பம்" என்று மாமனார் முடிப்பார். பெண்ணைப் பெற்றவன் அந்த விருப்பத்தின் பொருளை அறிந்துகொண்டு வட்டிக் கடையைத் தேடிச் செல்வான். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன்பே, ஒரு சவரன் பொன்னின் விலை 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அரைச் சவரன் மோதிரம் என்றாலும் பயிர்த்தொழில் செய்பவனுக்கு அது ஒரு போகத்தின் மிச்சம்.

மாப்பிள்ளைக்கு நல்ல வேலை இருக்கிறது, பெண்ணும் சம்பாதிக்கிறாள், கடன் எளிதில் அடைந்துவிடும் என்று சிலர் எண்ணலாம். தொழிற்சாலை வேலையின் நிலையாமையை இவ்வட்டாரமே கண்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை, ஆயிரக்கணக்கான இளைஞர்க்கும் பெண்களுக்கும் வேலை கொடுத்தது. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் உற்பத்தி நின்றது. அந்த ஆண்டும் தீபாவளி வந்தது, பொங்கலும் வந்தது. சம்பளம் வரும் என்று நம்பி வாங்கிய கடன்மாத்திரம் நிற்கவில்லை. ஆதலால், கையிலுள்ள பணத்தாற் செய்வதே சீர்; கடன் வாங்கிச் செய்வது சீர்கேடு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். "இவையெல்லாம் அவரவர் வீட்டு விஷயம். சங்கம் இதில் தலையிடுவானேன்?" என்று கேட்பார் உளர். நன்று கேட்டீர்கள். கடனை அவரவர் தனியாகத்தான் அடைக்கின்றனர், மெய்தான். ஆனால் அக்கடனை வாங்கச் செய்யும் வெட்கத்தை உண்டாக்குவது யார்? நாமெல்லோரும் கூடியன்றோ உண்டாக்குகிறோம்? ஒரு வீட்டார் மாத்திரம் சீரைக் குறைத்தால், "கஞ்சர், பெண்ணின்மீது பாசமில்லாதவர்" என்பார்கள். ஊரார் அனைவரும் குறைத்தால் அதுவே வழக்கமாகிவிடும். முதலில் குறைப்பவனுக்குத்தான் அவமானம். ஆதலால் யாரும் முதல்வராக முன்வருவதில்லை. பலர் கூடிக் கட்டிய முடிச்சைப் பலர் கூடித்தான் அவிழ்க்க முடியும். சங்கம் என்ற ஒன்று இருப்பதன் பயன் இதுவே.

"சீரும் இல்லையானால் புகுந்த வீட்டில் நம் பெண்ணுக்கு மதிப்பு ஏது?" என்று தாய்மார்கள் அஞ்சுவதும் எனக்குத் தெரியும். அம்மணிகளே! உங்கள் மகளின் மதிப்பு இன்று அவள் கையிலுள்ள தொழிலில் இருக்கின்றது. அவள் குணத்தில் இருக்கின்றது. கூடையால் வாங்கிய மதிப்பு கூடை காலியானதும் தீர்ந்துவிடும். அடுத்த பண்டிகைக்கு அதனினும் பெரிய கூடை வேண்டும்.

குடும்பத்தோடு கூடுவதற்காக உழைப்பாளர் படும் பாடு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சீன தேசத்தில் வசந்த விழாவை முன்னிட்டு நகரத் தொழிலாளர்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று மீள்வதற்கென ஏறக்குறைய 40 நாள் பிரயாண காலமாக ஒதுக்கி, அதற்கேற்ப ரயில்களை ஓட்டுகிறார்கள். இங்கேயும் பண்டிகைதோறும் விசேஷப் பேருந்துகள் விடுகிறார்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டது. ரயிலில் இடம் பதிவு செய்வதோ, 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல், பிரயாணத்திற்கு 60 நாள் முன்னரே தொடங்குகின்றது. அறுபது நாளுக்குமுன் தன் ஷிப்டு எதுவென்று எந்தத் தொழிலாளிக்குத் தெரியும்? ஆதலால் கடைசி நேரத்தில் இரு சக்கர வண்டியை நம்புகிறார்கள். பேருந்தும் ரயிலும் எவ்வளவு பெருகினும், எல்லோரும் ஒரே இரவில் ஒரே திசையிற் செல்லவேண்டும் என்று நாம் பிடிவாதம் செய்தால் இடம் எப்படிப் போதும்? அந்தப் பிடிவாதத்தை விடுவது நம் கையில்தான் இருக்கின்றது.

ஆகவே நம் சங்கத்தார் ஆலோசிக்குமாறு சில யோசனைகளைப் பணிவுடன் கூறுகிறேன்.

முதலாவது, நாளைக் குறிக்குமுன் பிள்ளைகளைக் கேளுங்கள். தீபாவளியன்று அவர்கள் தம் அறையிலேயே எண்ணெய் தேய்த்து நீராடி விளக்கேற்றட்டும். குடும்பக் கூட்டத்தை அவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்வோம். அன்றைக்குத் தேய்க்கும் எண்ணெயும் குளிர்ச்சியே தரும்.

இரண்டாவது, அவர்கள் வர இயலாவிடின் பெரியவர்கள் செல்லுங்கள். பயிர் வேலையில் இடைவெளி கிடைக்கும் நமக்கு ஒரு பகல் பிரயாணம் பெரிதன்று. 'மருமகன் வீட்டில் கை நனைப்பதா?' என்னும் பழைய கூச்சத்தை விட்டுவிடுங்கள். அது மகளின் வீடுமாகும்.

மூன்றாவது, தலை ஆடி, தலைத் தீபாவளி, தலைப்பொங்கல் மூன்றிற்கும் புத்தாடையும், வீட்டிற் செய்த பலகாரமும், விளைந்த பொருளும் போதும் என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றட்டும். அடகு வைத்துச் செய்யும் சீரைப் பிள்ளை வீட்டார் ஏற்பதில்லை என்பதும் அத்தீர்மானத்தில் இருக்கட்டும். கொடுக்க வசதியும் மனமும் உள்ளவர்கள், மகள் பெயரில் வங்கியில் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு வரலாம். அது அவளுக்குத் துன்பக் காலத்தில் கைகொடுக்கும்.

நான்காவது, ஆடி மாதத்தில் மணப்பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைக்கும் வழக்கத்தில், முழு மாதமும் அவளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தலாகாது. ஒரு மாதம் வேலைக்குச் செல்லாத பெண்ணுக்கு வேலையே இல்லாமற் போகலாம். ஓய்வு நாளில் வந்து தாயின் கையால் உண்டு சென்றால் ஆடியும் நிறைவேறும், வேலையும் நிலைக்கும்.

ஐந்தாவது, இரு வீட்டாரும் தம்பதிகளைப் பங்கு கேட்டு இழுத்தல் கூடாது. தீபாவளி ஒரு வீட்டாரோடு என்றால் பொங்கல் மற்றவரோடு. அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். ஒரே மகளைப் பெற்றவர்கள் பண்டிகைதோறும் இருவராய்த் தனித்து இருட்டில் அமர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். பிள்ளையைப் பெற்றவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆறாவது, நமது பத்திரிகை, இன்னார் வீட்டுத் தலைத் தீபாவளியில் இத்தனை சவரன் செய்தார்கள் என்பதுபோன்ற செய்தியை வெளியிடலாகாது. கடனின்றி எளிமையாய்க் கொண்டாடிய குடும்பங்களின் செய்தியை வெளியிடட்டும்.

கடைசியாக, இளந்தம்பதிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களைத் திருத்தவே இவ்வளவும் பேசினேன். அதனால் உங்களுக்குக் கடமை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். விடுப்புக் கிடைத்தும், "வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அறையிலேயே உறங்குவோரும் உங்களில் உண்டு. மணியார்டர்போலப் பணத்தைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டால் பெற்றோர்க்குச் செய்யவேண்டியது தீர்ந்தது என்று நினையாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் முகம். வீட்டிற் பண்டிகை என்றால் மனைவி மாத்திரம் அடுப்படியில் நிற்க, கணவன் படுத்துக்கொண்டு பலகாரத்திற்குக் காத்திருத்தலும் தகாது. இருவரும் உழைத்து வந்தவர்கள். மாவு பிசைவதையும் இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு ஷிப்டு முடித்துவிட்டு எவர் அழைத்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். மாமனார் கோபித்துக்கொண்டால், பிள்ளைப்பாக்கத்தில் ஒருவர் இப்படிச் சொன்னார் என்று என்மேற் பழியைப் போட்டுவிடுங்கள். அப்பழியை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

என் மகளின் கை குணமாகிவிட்டது. மழைக்காலத்தில் சிறிது வலிக்கும் என்கிறாள். ஒவ்வோர் ஐப்பசியிலும் அவள் அந்தக் கையைத் தேய்த்துக்கொள்ளும்போது, நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். உங்களில் எவருக்கும் அந்நிலை வாராதிருக்க வேண்டும். பண்டிகை பிள்ளைகளைத் தேடிச் செல்லட்டும். பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பண்டிகையைத் தேடி ஓட வேண்டாம்.